உறையின் மேல் பதினெட்டு

பிஸ்கட் வாங்கினால் உறையைத் திருப்பிப் பார்க்கிற சமுதாயம் நம்முடையது. அதில் சேர்ந்திருக்கும் கொழுப்பு எந்தப் பிராணியுடையது, ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது, ஹலால் முத்திரை உண்டா இல்லையா என்று மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்தெண்ணிப் படிக்கிறோம். நல்ல வழக்கம்தான். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதே கண்கள், அதே வீட்டில், பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையிலிருந்த வேறோர் உறையைப் பார்க்கத் தவறிவிட்டன. அதன் முகப்பிலே சிவப்புக் கட்டத்துக்குள் பெரிய எண்ணாக 18 என்று அச்சிட்டிருந்தது. பூதக் கண்ணாடி வேண்டாம். எழுத்தறியாதவருக்கும் எண் தெரியும்.

அந்த வீடு என் வீடு. அந்தப் பிள்ளை என் மகள் வயிற்றுப் பேரன். அதை லண்டனிலே வாங்கி அனுப்பியவன் என் மகன். ஆகவே குற்றவாளிக் கூண்டில் நிறுத்த ஆள் தேடி வாசகர்கள் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை.

2025ஆம் ஆண்டு மே மாதம் இ-பாஸ் பெற்றுக்கொண்டு குடும்பத்தோடு கொடைக்கானலுக்குப் போயிருந்தோம். வட்டக்கானலில் ஒரு வாரத்திற்கு வீடு எடுத்திருந்தோம். வாசலில் நின்றால் காலடியிலே பள்ளத்தாக்கு. நண்பகலில் மஞ்சு ஏறி வந்து மூடும், மாலையில் விலகும். அந்தச் சரிவிலேதான் வெள்ளகவி என்னும் மலையூர் இருக்கிறது. கும்பக்கரையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பழைய ஒற்றையடிப் பாதையில் உள்ளது. 1845இல் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் வீடு கட்டக் கிளம்பினார்களே, அதற்கும் முற்பட்ட ஊர் என்று அவ்வூரார் சொல்வார்கள். அவ்வூருக்குப் பேரப்பிள்ளைகளை நடத்தி அழைத்துப் போகவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பேரனுக்கு வேறு ஆசை. துணிமணிகளுக்கு நடுவே பிளேஸ்டேஷன் பெட்டியைச் சுருட்டி வைத்துக் கொண்டுவந்திருந்தான். வந்திறங்கிய மாலையே வீட்டுக்காரருடைய தொலைக்காட்சியில் அதைப் பொருத்திவிட்டான். மலைக்கு வந்தும் மலையைப் பாராத பிள்ளை என்று மகள் ஏசினாள். நான் ஏசவில்லை. இஷாத் தொழுகைக்குப் பின் அவன் பக்கத்தில் பாயைப் போட்டு அமர்ந்தேன். மூன்று இரவுகள் அமர்ந்தேன். இரண்டாம் இரவு அந்த விசைக் கருவியை என் கையிலும் வாங்கிப் பார்த்தேன். நாற்பது நொடிக்குள் இறந்துபோனேன். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அவன் ஆடியதன் பெயரை எழுதப்போவதில்லை. என் வழக்கு ஒரு தனி நிறுவனத்தின் மேல் இல்லை. அந்த இனம் எப்படிப்பட்டது என்பதை அறியாதவர்களுக்காக, அவ்வினத்திலே உலகறிந்த ஒன்றை, டெட் ஸ்பேஸ் என்பதை, எடுத்துக்கொள்கிறேன். 2008இல் முதலில் வந்தது. 2023 ஜனவரியில் புதுக்கி மீண்டும் வெளியிட்டார்கள். கதை நிகழ்வது 26ஆம் நூற்றாண்டில். கதைத்தலைவன் ஐசக் கிளார்க் போர்வீரன் அல்லன், பொறியாளன். ஐசக் அசிமோவ், ஆர்தர் கிளார்க் என்னும் இரு அறிவியற் கதையாசிரியர்களை நினைந்து வைத்த பெயர். (அந்தக் கிளார்க் 1956 முதல் இலங்கையிலேயே வாழ்ந்து, இந்த ஆட்டம் வெளிவந்த அதே 2008இல் கொழும்பில் மறைந்தவர்.) கோள்களை உடைத்துக் கனிமம் எடுக்கிற இஷிமுரா என்னும் மாபெரும் விண்கலத்தோடு தொடர்பு அறுந்துபோகிறது. பழுது பார்க்கச் சென்றவன் அங்கே காண்பது, மாண்டவர் உடல்கள் உருத்திரிந்து எழுந்து நடமாடுவதை. கைக்குக் கிடைப்பவை சுரங்கத் தொழிலாளரின் கருவிகள். அவற்றால் அவ்வுருவங்களின் உறுப்புகளைத் துண்டித்தாலன்றி அவை அடங்குவதில்லை. இதற்குமேல் விவரியேன், இது குடும்பத்தார் கூடிப் படிக்கும் இதழ்.

அதிலுள்ள தொழில் நேர்த்தியை மறைப்பது நேர்மையாகாது. ஆடுகிறவனுக்கு எஞ்சியிருக்கும் உயிர் எவ்வளவு என்பதைத் திரையின் மூலையில் எண்ணாகக் காட்டாமல், கவச உடையின் முதுகெலும்பிலே ஒளிக்கோடாக வைத்திருக்கிறார்கள். காற்றில்லா வெளியில் ஒலி பரவாது என்ற பௌதிக உண்மையை அறிந்து, கலத்துக்கு வெளியே போனால் ஓசைகளை எல்லாம் அடக்கிவிடுகிறார்கள். தன் மூச்சு மட்டும் கேட்கும். அதில் ஒரு போலி மதக் கூட்டமும் வருகிறது, மறுபிறவி தருவதாகச் சொல்லி மக்களை மாய்க்கிறது. நம்மவரில் சிலர் இதைக் கேட்டதும் கொதிப்பார்கள். எனக்கு அதில் கோபமில்லை. அத்தகைய கூட்டங்கள் வரலாற்றில் இருந்தன.

இனி வழக்குக்கு வருவோம். இத்தகைய ஆட்டங்களைப் பற்றி நம்மிடையே இரண்டு கட்சிகள் உண்டு.

முதற் கட்சி மேடைக் கட்சி. இதை ஆடுகிறவன் நாளைக்குத் துப்பாக்கி எடுப்பான், கொலைகாரன் ஆவான், பெட்டியை உடையுங்கள் என்று முழங்கும். நானும் அம்மேடையில் நின்றவன்தான். எங்கள் மஹல்லாவிலே நடந்த பெற்றோர் கூட்டமொன்றில் ஒலிபெருக்கி அதிரப் பேசினேன். 1999இல் அமெரிக்காவில் கொலம்பைன் பள்ளியில் உடன்மாணவரைச் சுட்டுக்கொன்ற இருவரும் டூம் என்னும் ஆட்டத்தில் மூழ்கியவர்கள் என்று நான் சொன்னபோது பந்தல் அமைதியாயிற்று. மறுநாள் பாராட்டினார்கள். பேரன் அன்று முன்வரிசையில் அமர்ந்திருந்தான் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

நான் அன்று சொன்னது பொய்யன்று, ஆனால் பாதி. செவ்வாய்க் கோளின் நிலவுகளில் நரகத்து உருவங்களைச் சுடுகிற டூம் 1993இல் வெளிவந்தது. உலகில் பல இலட்சம் பேர் அதை ஆடினார்கள்; அவர்கள் பிள்ளை குட்டிகளோடு அலுவலகம் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். ஜெர்மானிய அரசு 1994இல் அதைச் சிறாருக்கு ஆகாதவற்றின் பட்டியலில் சேர்த்து, 2011இல் தானே நீக்கிவிட்டது. 2019இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதினான்கு, பதினைந்து வயதுப் பிரிட்டானியப் பிள்ளைகள் ஏறத்தாழ ஆயிரவரையும் அவர்தம் பெற்றோரையும் விசாரித்து, வன்முறை ஆட்டங்களுக்கும் பிள்ளைகளின் மூர்க்க நடத்தைக்கும் தொடர்பு காணோம் என்று வெளியிட்டார்கள். அமெரிக்க உளவியலாளர் கழகம் 2020இல், கொலை போன்ற கொடுஞ்செயலுக்கு இவ்வாட்டங்களைக் காரணமாக்கப் போதிய சான்று இல்லை என்று எச்சரித்தது. சான்று இல்லாத இடத்தில் குரலை உயர்த்துவது நம் ஆலிம்களின் மரபன்று. ஒரு ஹதீஸை ஏற்குமுன் அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று சங்கிலி சங்கிலியாக விசாரித்த முன்னோரின் மாணவன் நான். ஆட்டப்பெட்டியைப் பற்றிப் பேசும்போது அந்த விசாரணையை வாசலிலே கழற்றிவிட்டு மேடையேறினேன்.

மறுகட்சி செல்லக் கட்சி. பையன் வெளியே கண்டவனோடு சுற்றாமல் வீட்டுக்குள் இருக்கிறானே, எல்லாம் பொம்மைதானே, நாமும் சின்ன வயதில் ஆடவில்லையா என்பது இவர்கள் வாதம். ஆம், ஆடினோம். 1990களில் நம் ஊர்களில் தொலைக்காட்சியோடு பொருத்தும் மலிவுப் பெட்டிகள் வந்தன; ஜப்பான் நாட்டுக் கோனாமி நிறுவனம் 1987இல் வெளியிட்ட காண்ட்ரா அதில் ஓடும். அதுவும் வேற்றுலகத்தாரைச் சுடும் ஆட்டந்தான். என் தம்பிமார் இருவரும் ஆளுக்கொரு கருவியை ஏந்தி, தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடுவார்கள். ஒருவன் செத்தால் மற்றவன் திட்டுவான். கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் தாயார் இருவரையும் திட்டுவார். அது ஒரு கூட்டத்துக்கு நடுவே நடந்தது. இன்றுள்ள அச்ச ஆட்டங்களில் பெரும்பாலானவை ஒற்றை ஆளுக்கு உரியவை. விளக்கணைத்த அறையில், காதை அடைக்கும் கருவி மாட்டி ஆடினால்தான் சுவை என்று ஆடுகிறவர்களே சொல்கிறார்கள். பொம்மை என்ற ஒரே சொல்லால் இரண்டையும் கட்டுவது, ஊஞ்சலும் கப்பலும் அசைகின்றன என்பதால் இரண்டும் ஒன்று என்பதைப் போன்றது.

அரசு பார்த்துக்கொள்ளும் என்று மூன்றாவதாகச் சிலர் முணுமுணுப்பதுண்டு. தமிழக அரசு 2022இல் இயற்றிய சட்டமும், நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டமும் முதன்மையாகப் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைப் பற்றியவை. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடுத்தபோதும் சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. பிள்ளையின் தூக்கம் அன்று. திரைப்படத்துக்கு 2024 முதல் ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று வயது பிரித்துச் சான்று தருகிறார்கள். வீட்டுப் பெட்டியில் ஓடும் ஆட்டத்தட்டுக்கு நம் நாட்டில் அப்படி ஒரு வாரியம் இல்லை. பிரிட்டனிலோ 2012 முதல், 18 என்று பொறித்த தட்டை வயது நிரம்பாதவனுக்கு விற்கும் கடைக்காரன் குற்றவாளி. என் மகன் முப்பது வயதுக்காரன். அவனுக்கு விற்றது குற்றமாகாது. கடைக்காரன் தன் கடமையைச் செய்தான். செய்தவனும் உண்மையை உறையிலேயே எழுதினான். அதன்பின் அவ்வுறை மூன்று கை மாறியது. மூன்றும் எங்கள் குடும்பத்துக் கைகள்.

இனி ஒரு நீதிபதியோடு கொஞ்சம் வாதாட வேண்டும். சிறாருக்கு வன்முறை ஆட்டங்களை விற்கலாகாது என்று கலிபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011 ஜூன் 27ஆம் நாள் செல்லாதென அறிவித்தது. எழுவர் ஒருபக்கம், இருவர் மறுபக்கம். தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பழங்கதைகளில் கொடூரத்துக்குக் குறைவில்லையே என்று கேட்டு, கிரிம் சகோதரரின் கதைகளையும் ஹோமரின் காவியத்தையும் எடுத்துக்காட்டினார். கூரிய வாதம். நம் வீட்டிலும் ஆயிரத்தோர் இரவுகளின் ஜின்கள் உண்டு. படைப்போர் என்றே ஓர் இலக்கிய வகையை வைத்துப் பாடியவர்கள் நம் புலவர்கள். அச்சமும் போரும் பிள்ளை காதில் விழக்கூடாதென்றால் பாதி நூலகத்தைப் பூட்ட வேண்டும்.

ஆயினும் நீதிபதி கதையைப் பார்த்தார்; கதை சொல்பவளைப் பார்க்கவில்லை. எனக்கு ஜின் கதை சொன்னவர் என் நன்னி. அரிக்கேன் விளக்கின் திரியை இறக்கி வைத்துக்கொண்டு சொல்வார். கிணற்றடி ஜின் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் என் உடல் வெலவெலக்கும். அவருடைய வெள்ளைத் துப்பட்டி முனையை நான் இறுகப் பிடித்தேனானால், அந்த ஜின்னுக்கு அந்தக் கணமே கால் வழுக்கிவிடும். தொப்பென்று கிணற்றில் விழுந்து, மூக்கில் நீர் ஏறித் தும்மும். என் தமக்கை கேட்கும் இரவில் அதே ஜின் வழுக்குவதில்லை. அவள் நெஞ்சுரம் வேறு. கதை ஒன்று, கேட்கும் பிள்ளையின் பிடியைப் பொறுத்து முடிவு மாறும்.

டெட் ஸ்பேஸின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பைச் செய்தவர்கள் தாமே பெருமையோடு விளக்கிய ஓர் ஏற்பாடு உண்டு. ஆடுகிறவன் முன்பு வென்று கடந்த கூடத்துக்கே திரும்பி வந்தாலும், அங்கே எப்போது விளக்கு அணைய வேண்டும், எப்போது ஓசை எழ வேண்டும், எந்த உருவம் எங்கிருந்து பாய வேண்டும் என்பதை உள்ளிருக்கும் கணக்கு ஒன்று அவ்வப்போது தீர்மானிக்கும். எந்த இடத்தையும் இது பாதுகாப்பானது என்று அவன் நம்பிவிடக்கூடாது என்பதே நோக்கம். சிலபோது அந்தக் கணக்கு அச்சத்தைத் தணிக்கவும் செய்யும். அடுத்த அடி புதிதாக விழ வேண்டும் என்பதற்காக அவ்வாறு தணிக்கிறது. வயதுவந்தவன் விலைகொடுத்து வாங்கும் சுவை இது, வாங்கட்டும். ஆனால் என் துப்பட்டி முனையைப் பிடிக்கும் பிடியை அந்தக் கணக்கு அறியாது. ஆடுகிறவன் பதின்மூன்றா முப்பதா என்பதும் அதற்குத் தெரியாது. தெரிய வேண்டியவர்கள் அடுத்த அறையில் இருந்தோம்.

இவ்விடத்தில் பேரன் ஒரு தடை எழுப்பினான். ‘நிறுத்துற பொத்தான் கையிலேயே இருக்கே நன்னா. வேணும்னா நிறுத்திக்கலாமே?’ என்றான். மன்திக், அதாவது தர்க்கம், கற்பித்தவன் நான். ஆனாலும் உடனே விடை தோன்றவில்லை. மறுநாள் வெள்ளகவிப் பாதையிலேதான் அந்த விடை கிடைத்தது. அதையும் அவனே சொன்னான்.

அதற்குமுன் அச்சத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் களங்களை நான்காக வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய் முதலியவை அணங்கில் அடங்கும். இந்த ஆட்டங்களைச் செய்கிறவர்கள் தொல்காப்பியம் படித்ததில்லை. ஆயினும் முதல் மூன்றையும் ஒரே உருவத்தில் குழைத்துவிட்டார்கள். செத்தவன் எழுவதால் அணங்கு. நகமும் பல்லும் இருப்பதால் விலங்கு. இருளில் ஒளிந்து பாய்வதால் கள்வன். நான்காவது மட்டும் அங்கே இல்லை. தம் இறை என்பது தனக்கு மேலாகியவர். அரசன், ஆசிரியன், தந்தை என்று விரித்துக்கொள்ளலாம். நீ செய்ததை ஏன் செய்தாய் என்று கேட்க உரிமையுடையவர். அந்த விண்கலத்தில் அப்படிக் கேட்பார் ஒருவருமில்லை. அரபு மொழியிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். இமாம் ராகிப் இஸ்ஃபஹானீ தம் அல்முஃப்ரதாத்தில், அஞ்சத்தக்கதைக் கண்டு உள்ளம் சுருங்கி வெருண்டு விலகுவதை ஃபஸஉ என்றும், மதிப்போடு கலந்து, பெரும்பாலும் அறிவின் வழியே பிறக்கும் அச்சத்தைக் கஷ்யத் என்றும் பிரிக்கிறார். ஆட்டப்பெட்டி தருவது முந்தியது. அதை எவ்வளவு உண்டாலும் பிந்தியது கிடைக்காது.

நான்காம் நாள் ஃபஜ்ருக்குப் பின் உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் நானும் பேரனும் இறங்கினோம். சோலைக்காட்டுக்குள் நுழையும் பாதை, வேர்களே படிக்கட்டுகள். எங்கள் நடைக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆயிற்று. மோட்டார் போகாத அந்தப் பாதையில் அரிசி மூட்டையும் காப்பிக் கொட்டையும் குதிரை முதுகிலும் மனிதர் தலையிலும்தான் போய்வந்துகொண்டிருந்தன. உண்மையான மலை, உண்மையான ஆபத்து, இதன் முன்னே உன் பொய்யரக்கர் எம்மாத்திரம் என்று திரும்பி வந்ததும் ஒரு கட்டுரை எழுதுவதாக நான் மனத்துக்குள் வாக்கியங்களைச் செதுக்கிக்கொண்டே நடந்தேன்.

ஒரு வளைவில் பேரன் என் மார்பின் குறுக்கே கையை நீட்டித் தடுத்தான். ‘நில்லுங்க நன்னா.’ எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வழிகாட்டியும் ஒரு கணம் கழித்தே கையை உயர்த்தினார். புதர் முறியும் ஓசை. பிறகு கறுத்த மதில் ஒன்று நகர்வதுபோல் காட்டுமாடு ஒன்று பாதையைக் கடந்தது, நின்றது, எங்களைப் பார்த்தது, போயிற்று. என் முழங்கால்கள் நடுங்கின. பேரன் நடுங்கவில்லை. உனக்கு எப்படிக் கேட்டது என்றேன். ‘கேம்ல சத்தத்தை வச்சுத்தான் நன்னா பொழைக்கணும். பழகிப்போச்சு’ என்றான். செதுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் அத்தனையும் அங்கேயே உதிர்ந்தன. அந்த ஆட்டம் என் பேரனுக்குச் செவியைத் தீட்டிக் கொடுத்திருக்கிறது. அன்று அது எனக்கு உதவியது. வழக்கில் எதிர்க்கட்சிக்குச் சாதகமான சாட்சியை மறைப்பவன் வழக்கறிஞனாகலாம், ஆசிரியனாகக்கூடாது.

வெள்ளகவிக்குள் எவரும் காலணி அணிவதில்லை. ஊரே தெய்வம் குடியிருக்கும் மண் என்பது அவர்கள் நம்பிக்கை. எல்லையிலே வழிகாட்டி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார், நாங்களும் கழற்றினோம். அவர்கள் வழிபாடு எங்களுடையது அன்று. ஆனால் ஒருவர் வீட்டுக்குள் போகிறவன் அவ்வீட்டு முறைப்படிதான் போகவேண்டும். பேரனுக்குச் சரளைக் கல் குத்தியது. ‘போட்டுக்கிட்டா என்ன செய்வாங்க?’ என்று வழிகாட்டியிடம் கேட்டான். ‘யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க தம்பி. போடக்கூடாது, அவ்வளவுதான்’ என்றார் அவர். காவல் இல்லை, அபராதப் பலகை இல்லை. மட்டக்குதிரையை ஓட்டிவந்த ஒரு கிழவர் முதல் சிலேட்டோடு ஓடிய சிறுமி வரை வெறுங்காலோடு இருந்தார்கள். பேரன் அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. காலைப் பார்த்து வைத்து நடந்தான்.

மேலேறும்போது மூச்சு வாங்கிற்று. ஒரு பாறையில் அமர்ந்தோம். வழிகாட்டி முன்னே போய்விட்டார். நான் கேட்காமலே அவன் பேசினான்.

‘ராத்திரி விளக்கை அணைச்சுட்டுப் படுக்க முடியலை நன்னா.’

‘எத்தனை நாளா?’

‘ஆறு மாசமா. பொத்தானை அமுக்கினா டிவியில நின்னுடுது. கண்ணை மூடினா நிக்கலை.’

‘அம்மாகிட்ட ஏன் சொல்லலை?’

‘சொன்னா பிடுங்கி வச்சுக்குவாங்க.’ சிறிது நேரம் கல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தான். ‘அப்புறம் நீங்க வேற அன்னிக்கு மைக்ல பேசினீங்க. இதெல்லாம் ஆடுறவன் கொலைகாரன் ஆவான்னு. நான் அப்படி இல்லை நன்னா.’

நாற்பதாண்டு கிதாபு சுமந்த தலை இது. அந்தப் பாறையின் மேல் அதற்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை.

மேடைக் கட்சியாரே, இப்போது உங்களிடம், அதாவது என்னிடம், கேட்கிறேன். நம் முழக்கத்தால் எந்த வீட்டில் எந்தப் பெட்டி உடைந்தது? ஒன்றும் உடையவில்லை. பயந்துபோன ஒரு பிள்ளை, தன் பயத்தைச் சொன்னால் கொலைகாரன் என்ற பெயர் வரும் என்று வாயை மூடிக்கொண்டது. அது மட்டுமே நடந்தது. இல்லாத கொலையைத் தேடி ஊரைக் கூட்டினோம். இருந்த அச்சத்தை, அடுத்த அறையில் எரிந்துகொண்டேயிருந்த விளக்கைப் பார்த்தும், படிக்கிறான் என்று எண்ணிக்கொண்டோம். செல்லக் கட்சியாரே, உங்கள் பங்கும் குறைந்ததன்று. பையன் வீட்டுக்குள்தான் இருக்கிறான் என்று நீங்கள் நிம்மதியாகத் தூங்கிய இரவுகளில் அவன் தூங்கவில்லை. ஆட்டத்துக்கு அடிமையாகிக் கட்டுப்பாடிழப்பதை உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. என் பேரனுக்கு அந்நோய் இல்லை. மார்க்கில் குறையவில்லை, பொய் சொல்லவில்லை, யாரையும் அடிக்கவில்லை. பட்டியல்களில் எதிலும் அகப்படாத பிள்ளை அவன். அத்தகைய பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க எனக்கு அச்சமாயிருக்கிறது.

நான் கேட்பது பெரிதன்று. பெட்டி படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு வரட்டும். காண்ட்ரா ஓடிய இடத்துக்கு. வாங்கித் தரும் மாமன், சித்தப்பன் யாராயினும் உறையின் எண்ணைப் படித்துவிட்டுத் தரட்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பொருள் என்பதற்காக எதையும் முத்தமிட்டு வாங்காதீர்கள். கூடத்தில் கிடக்கும் நாற்காலியில் ஒரு பெரியவர் அரைமணி நேரம் அமரட்டும். என்னைப்போல் நாற்பது நொடியில் செத்தாலும் குற்றமில்லை. இது பற்றிப் பேச மேடையேறும் ஆலிம் யாராயினும் ஒரு முறையேனும் அந்தக் கருவியைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு ஏறட்டும். பிள்ளை பயந்தேன் என்று சொன்னால், அன்று மட்டுமாவது பெட்டியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த பயத்தை அவன் உங்களிடம் சொல்லமாட்டான். பெண்பிள்ளைகளும் ஆடுகிறார்கள் என்பதைச் சில வீடுகளில் இன்னும் அறியவில்லை. அதையும் நினைவில் வையுங்கள்.

மகனிடம் தொலைபேசியில் பேசினேன். ‘அவன்தான் கேட்டான் அத்தா, எல்லாப் பிள்ளைகளும் ஆடுறாங்களாம்’ என்றான். உறையைப் பார்த்தாயா என்றேன். அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சில்லை.

ஊர் திரும்பியபின் பேரன் அந்தத் தட்டை உறையிலிட்டு என்னிடம் கொண்டுவந்தான். முகப்பிலுள்ள பதினெட்டுக்குக் கீழே, தனக்குப் பதினெட்டு நிறையும் ஆண்டை, 2030 என்று, பேனாவால் எழுதியிருந்தான். என் கிதாபு அலமாரியில், இப்னு கல்தூனுக்குப் பின்னால், அது இருக்கிறது. குப்பையில் எறியவேண்டிய பொருளை வீட்டில் வைத்துக் காப்பதாவது என்பது மகளின் கட்சி. அவன் என்னை நம்பிக் கொடுத்த அமானத் அது என்பது என் கட்சி. நாள்தோறும் இதைப் பற்றி எங்களுக்குள் வாதம் நடக்கிறது. பேரன் கேட்டுக்கொண்டே விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறான். சில இரவுகளில் மட்டும் எழுந்து வந்து மறுபடி போட்டுக்கொள்கிறான்.